பழைய பெட்டிக்குப் புது ஓ.எஸ்.

2005-ஐ ஒட்டி ஒரு கம்ப்யூட்டருக்கு எக்ஸ்பி போட உட்காருபவர் கையில் ஓ.எஸ். சி.டி. மட்டும் இருந்தால் போதாது. ஃப்ளாப்பி ஒன்றும் வேண்டும். சாட்டா ஹார்ட் டிஸ்க் வந்த புதிது. எக்ஸ்பிக்கு அதை அடையாளம் தெரியாது. நீலத்திரை வந்ததும் எஃப்6 தட்டி, ஃப்ளாப்பியிலிருந்து டிரைவரை ஊட்ட வேண்டும். அந்தச் சில நொடியைத் தவறவிட்டால் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிடும், இல்லாவிட்டால் 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நின்றுவிடும். விவரம் தெரிந்தவர்கள் பயாஸுக்குள் போய் ஏ.எச்.சி.ஐ. என்பதை ஐ.டி.இ. என்று மாற்றிவிட்டு வேலையை முடித்துவிடுவார்கள். வல்லத்திராக்கோட்டை மாதிரி ஊரில் மதர்போர்டு சி.டி. தொலைந்துபோனால், புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி பிரவுசிங் சென்டரில் டிரைவர் இறக்கி வர வேண்டியதுதான்.

பயாஸ் அப்டேட்டை அன்று யாரும் விரும்பித் தொட்டதில்லை. டாஸ் ஃப்ளாப்பியில் பூட் செய்து, சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பெட்டி செத்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யு.பி.எஸ். பேட்டரியை நம்பி இதில் இறங்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்தக் காலத்தில்தான் தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் வீடுகளுக்கு வந்தது. திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15. பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். ஆரம்ப மாடல்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஸ்டார்ட்டரில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. பையன்கள் என்ன செய்வார்கள்? லேப்டாப் கைக்கு வந்த வேகத்தில், "அண்ணே, அல்டிமேட் போட்டுக் கொடுங்க" என்று கடைக்கு வந்தார்கள். லினக்ஸ் இருந்த பகுதியை அழித்து, அந்த இடத்தில் படங்களை நிரப்பிக்கொண்டார்கள்.

இன்று ஃப்ளாப்பியும் இல்லை, சி.டி.யும் இல்லை. வென்டாய் போட்ட ஒரே பென் டிரைவில் நாலைந்து ஓ.எஸ். அடங்கிவிடுகிறது. டிரைவர் பெரும்பாலும் தானாக இறங்கிக்கொள்கிறது. ஃபர்ம்வேர்கூட விண்டோஸ் அப்டேட் வழியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாறியது சிக்கலின் இடம்தான். அன்று மெஷினிடம் ஏதோ ஒன்று குறைந்தது, தேடிக் கொடுத்தோம். இன்று மெஷின் ஓடுகிறது, ஓ.எஸ்.தான் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், யூ.இ.எஃப்.ஐ., செக்யூர் பூட் வசதி வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்தி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததும் நல்ல பெட்டிகள் பல ஒரே நாளில் கிழடாகிவிட்டன. இந்த நிபந்தனைகள் பாதுகாப்புக்காக என்று மைக்ரோசாஃப்ட் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாலு வேலைக்குப் பயன்படும் ஐ5-ஐக் குப்பையில் போடச் சொல்லும் அளவுக்கு உண்மை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

எட்டாம் தலைமுறை மெஷின் வந்தும் "தகுதி இல்லை" என்று காட்டினால் பதற வேண்டாம். பயாஸில் டி.பி.எம். வேலையைச் செய்யும் பி.டி.டி. அணைந்து கிடக்கும், போட்டுவிட்டால் சரி. பழைய எம்.பி.ஆர். டிஸ்க்கை ஜி.பி.டி.யாக மாற்றவும் கருவி இருக்கிறது. ரூஃபஸ் என்ற கருவியில் இந்தத் தகுதிச் சோதனைகளைத் தாண்டிப் போகும் வழியும் உண்டு. கோர் 2 டுவோவில் மட்டும் அதுவும் செல்லாது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு கேட்கும் பாப்கவுண்ட் என்ற கட்டளை அந்த ப்ராசஸரில் கிடையாது, பூட்டே ஆகாது.

பயாஸ் செத்த பெட்டிக்கும் இன்று வழி உண்டு. சி.எச்.341ஏ என்ற சின்ன புரோகிராமரின் கிளிப்பை எட்டுக் கால் பயாஸ் சிப்பின் மேல் மாட்டுகிறார்கள். கிளிப் வயரின் சிவப்புக் கோடு, சிப்பில் புள்ளி இருக்கும் ஓரத்தோடு சேர வேண்டும். முதலில் உள்ளே இருப்பதை இரண்டு முறை படித்து ஒப்பிட்டு, பிரதி எடுத்து வைத்த பிறகுதான் எழுதுவார்கள். இத்தனையும் தேவைப்படாத கேஸ்களும் வரும். தேதி 2009-க்குப் போய்விடும், எந்த வெப்சைட்டும் திறக்காது. ஃபார்மட் அடிக்கச் சொல்லி வருபவருக்கு ஒரு சி.ஆர்.2032 பேட்டரி மாற்றினால் போதும்.

கடைசிப் புகலிடம் லினக்ஸ். அன்று அழித்த அதே குடும்பத்து ஓ.எஸ்.தான் 2 ஜி.பி. ரேம் உள்ள அந்த அரசு லேப்டாப்களை இன்று நடமாட வைக்கிறது. லுபுண்டுவோ ஆன்டிஎக்ஸோ போட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டினால் போதும். ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் இதைச் சொன்னால் தலையாட்டமாட்டார். அவருடைய கேனன் எல்.பி.பி. 2900 பிரின்டரை லினக்ஸில் ஓட வைப்பது பெரும்பாடு. அதற்காகவே மூலையில் ஒரு விண்டோஸ் 10 பெட்டியை, இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பிரின்ட் எடுக்க மட்டும் வைத்துக்கொள்வது மேல்.