சேவைக்குச் சம்பளமா? தொண்டுத் துறையில் கால்வைக்கும் நமது இளையோருக்கு

கம்பஸ் முடித்த கையோடு என்னிடம் வந்து, "நானும் சமூகத்துக்கு ஏதாவது செய்யணும், எங்கிருந்து தொடங்குற?" என்று கேட்கும் பிள்ளைகள் வருடத்துக்குப் பத்துப் பேராவது இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் கேட்பது வேறு கேள்வி. "இந்த என்.ஜீ.ஓ. வேலைக்கு பென்சன் இரிக்கா? நாளைக்குக் கலியாணம் பேச வந்தா என்னத்தைச் சொல்ற?" இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டிய கடமை நம்மைப் போன்றவர்களுக்கு உண்டு. சுனாமிக்குப் பிறகு, 2005இல் அம்பாறைக் கரையோரத்தில் ஒரு நிறுவனத்தின் கள உத்தியோகத்தராகச் சேர்ந்து, பின்னர் கண்காணிப்பு, கணக்கு என்று பல மேசைகள் மாறியவன் நான். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

கூலி வாங்கினால் நன்மை குறையுமா?

முதலில் இந்தச் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வோம். பள்ளிவாசல் முற்றத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "சேவை எண்டா சும்மா செய்யணும். சம்பளம் வாங்கினா அது தொழில்தானே?"

ஸகாத் பெறத் தகுதியானவர்கள் என்று குர்ஆன் எண்ணிக் காட்டும் எட்டுக் கூட்டத்தாரில், அதைச் சேகரித்துப் பங்கிடும் வேலையைச் செய்பவர்களும் ஒரு கூட்டத்தார். ஏழைகளின் பணத்தை ஏழைகளிடம் கொண்டு சேர்ப்பதும் உழைப்புத்தான், அந்த உழைப்புக்குக் கூலி உண்டு என்பது நமது மார்க்கத்துக்குப் புதிய கருத்தல்ல.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மையத்து வீட்டுக்குப் பந்தல் போடுவதற்கும், கபுறு வெட்டுவதற்கும் நமது ஊர்களில் யாரும் கூலி கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அவை ஒரு நாள் வேலைகள். ஒரு விதவையின் காணிப் பத்திரத்தைச் சரிசெய்யும் வேலை அப்படியல்ல. கிராம சேவகரிடம் ஒரு தரம், பிரதேச செயலகத்துக்கு நாலு தரம், கச்சேரிக்கு இரண்டு தரம் என்று அது ஒன்றரை வருடம் இழுபடும். வார நாளில், அலுவலக நேரத்தில், கோப்பைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். சும்மா வருபவரிடம் "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க முடியாது. சம்பளம் வாங்குபவரிடம் கேட்கலாம். சம்பளம் கொடுப்பதால் கிடைக்கும் பெரிய இலாபம், கேள்வி கேட்கும் அந்த உரிமைதான்.

உத்தியோகத்தில் இருந்தபடியே உழைத்த ஒருவர்

சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்பதென்றால் வேலையை விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களை நினைவூட்ட விரும்புகிறேன். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம். யுத்தகால உணவுத் தட்டுப்பாட்டின்போது, 1942இல், அவரை உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான்.

அவருக்கு இடப்பட்ட கட்டளை நெல் விளைச்சலைக் கூட்டுவது. அதைச் செய்துகொண்டே, வயல் நிறைய இருந்தும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லாத நிலைமையைக் கண்டார். அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றியது. வசதியில்லாத மாணவர்கள் பலர் அதன் உதவியால் பல்கலைக்கழகம் வரை போனார்கள். 1948இல்தான் அவர் சிவில் சேவையை விட்டு ஸாஹிறாக் கல்லூரி அதிபரானார். 1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கங்களின் பேரவையையும் அவர் முன்னின்று தொடக்கினார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் உத்தியோகம், உத்தியோகத்தோடு ஒரு ஊரைக் கூர்ந்து பார்த்தல், பிறகு ஒரு சிறிய சங்கம், அதன்பின் நாடளாவிய நிதி, கடைசியில்தான் முழுநேரப் பணி. நிருவாகம் தெரிந்தவர் என்பதால் நிதியத்தை நிருவாகமாகவே நடத்தினார். நல்லெண்ணத்தோடு தொழில்திறனும் சேர்ந்திருந்தபடியால்தான் அது நிலைத்தது.

சேருமுன் நிறுவனத்தை விசாரியுங்கள்

முழுநேரமாகவே இறங்கத் தீர்மானித்தால், "என்ன சம்பளம்?" என்று கேட்பதற்கு முன் "எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு?" என்று கேளுங்கள். நமது நாட்டில் வழிகள் பல. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிந்தவை உண்டு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக இயங்குபவை உண்டு. பாராளுமன்றத்தில் தனிச் சட்டமூலம் கொண்டுவந்து கூட்டிணைக்கப்பட்டவையும் உண்டு. பள்ளிவாசல்களும் தர்மச் சொத்துகளும் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்துக்குள் வருகின்றன.

பதிவுச் சான்றிதழின் பிரதி, கடைசியாகக் கணக்காய்வு செய்த அறிக்கை, நிருவாக சபை உறுப்பினர்களின் பட்டியல். இந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். "அதெல்லாம் தலைவர் ஹாஜியார்ட்ட இரிக்கி, பொறகு பாப்பம்" என்று பதில் வந்தால், அந்த இடத்தில் சேருமுன் இரண்டு தரம் யோசியுங்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு இது வெறும் நிருவாக விஷயமாக இல்லை. முஸ்லிம் அமைப்புகள் எல்லாவற்றையும் சந்தேகக் கண்ணோடு பார்த்த ஒரு காலத்தைக் கடந்து வந்திருக்கிறோம். 2021இல் பதினொரு அமைப்புகளைத் தடைசெய்து வர்த்தமானி அறிவித்தலும் வந்தது. அந்த நாட்களில் நான் பார்த்தது ஒன்று: பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று பற்றுச்சீட்டோடு காட்டக்கூடிய சிறிய சங்கங்கள் விசாரணைக்கு வந்தவர்களை உட்காரவைத்துக் கோப்பை விரித்தன. ஒரு சதமும் களவு போகாத சில சங்கங்களோ காட்டக் கடதாசி இல்லாமல் தடுமாறின. நேர்மை உள்ளத்தில் இருந்தால் மட்டும் போதாது, கொப்பியிலும் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தை வாசியுங்கள்

தொண்டு நிறுவன வேலைகளில் பெரும்பகுதி செயற்றிட்ட வேலைகள். பணம் தருபவர் இரண்டு வருடத்துக்குத் தந்தால் உங்கள் வேலையும் இரண்டு வருடம்தான். இது ஒளிவுமறைவு இல்லாத உண்மை. வீட்டாரிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்புகளையும் அறிந்திருக்க வேண்டும். விலக்களிக்கப்பட்ட சில சிறிய தர்ம நிறுவனங்களைத் தவிர, மற்றவை ஊழியர் சேமலாப நிதியத்துக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தங்கள் பங்காக 12 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு நிறுவனம் 3 வீதம் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியர்கள் உள்ள இடத்தில் ஐந்து வருடம் நிறைவு செய்தவருக்கு, மாதச் சம்பளம் பெறுபவரென்றால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு.

இரண்டு வருடத்துக்கு ஒரு நிறுவனம் என்று தாவிக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பணிக்கொடை கைக்கு வராது. ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தமும் முடியும்போது கையில் ஒரு புதிய திறன் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு வைத்தல், முன்மொழிவு எழுதுதல், தகவல் சேகரித்து அறிக்கை தயாரித்தல், சிங்களத்தில் கடிதம் எழுதுதல். இந்த நான்கில் இரண்டு கைவந்தால் உங்களுக்கு வேலை தேடி அலையும் நிலை குறையும். குறிப்பாகச் சிங்களம். பிரதேச செயலகத்துக்கு அப்பால் போகும் எந்தக் கோப்புக்கும் அது வேண்டும்.

முதல் வருடத்தைக் களத்திலேயே கழியுங்கள் என்பது எனது ஆலோசனை. குளிரூட்டிய அறையில் இருந்து "பயனாளி" என்று எழுதுபவருக்கும், அந்தப் பயனாளி மாமியின் திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்தவருக்கும் எழுத்திலேயே வித்தியாசம் தெரியும்.

வேலையை விடாமல் கொடுப்பவர்களுக்கு

எல்லோரும் இந்தத் துறைக்குள் வரத் தேவையில்லை; வரவும் முடியாது. வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ கட்டாரிலோ வேலை செய்பவர் என்ன கொடுக்கலாம்? பெரும்பாலானோர் றமழானில் பணம் அனுப்புகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், அது வேண்டியதுதான். ஆனால் நமது ஊர்ச் சங்கங்களில் பணத்தைவிடத் தட்டுப்பாடான பொருள் தொழில்திறன்.

கணக்காளர் ஒருவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் கொப்பிகளுக்குக் கொடுக்கலாம். சட்டத்தரணி ஒருவர் சங்கத்தின் யாப்பைத் திருத்தித் தரலாம். தாதி ஒருவர் தனது தெருவில் நீரிழிவுக்காரர்களின் பட்டியலை வைத்து, கிளினிக் நாளை ஞாபகப்படுத்தலாம். கணினி தெரிந்தவர் பைத்துல் ஸகாத்தின் விண்ணப்பங்களை ஒழுங்குபடுத்தினால், ஒரே குடும்பத்துக்கு மூன்று இடத்தில் உதவி போய், கேட்க வெட்கப்படும் அடுத்த வீட்டுக்கு ஒன்றுமே போகாத நிலை மாறும்.

இதற்கு இரண்டு நிபந்தனை சொல்வேன். கொடுக்கும் நேரம் சிறிதாக இருக்கட்டும், ஆனால் தவறாமல் இருக்கட்டும். மாதம் நாலு மணித்தியாலம் என்றால் நாலுதான், அடுத்த மாதமும் நாலுதான். ஆர்வத்தில் முதல் மாதம் முழு இரவும் விழித்திருந்து மூன்றாம் மாதம் காணாமல் போகிறவரால் சங்கத்துக்குச் சுமைதான். அடுத்தது, நீங்கள் செய்வதை இன்னொரு பிள்ளைக்குக் கற்றுக் கொடுங்கள்.

திட்டம் முடிந்த பிறகு

சுனாமிக்குப் பின் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் தெருவுக்கொரு நிறுவனத்தின் பெயர்ப்பலகை நின்றது. சில வருடங்களில் பலகைகள் கழன்றன. நான் இருந்த அலுவலகத்தையும் மூடினார்கள். எங்களோடு பயிற்சி பெற்ற பொடியன்மார் பலர் மத்திய கிழக்குக்குப் போனார்கள். வேலை முடிந்ததைக் குறை சொல்ல முடியாது. வந்தவர்கள் ஒருநாள் போவார்கள்தான். அவர்கள் தந்த பயிற்சியை ஊர்ச் சங்கங்களுக்குள் எடுத்துவைக்க ஏற்பாடு இல்லாமல் போனதுதான் நமது இழப்பு. நீர்த்தாங்கி கட்டிக் கொடுத்த இடத்தில், அதன் பம்பு பழுதானால் யாரிடம் போவது என்று தெரியாமல் பெண்கள் வெறும் குடத்தோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, இந்தத் துறைக்குள் வரும் ஒவ்வொரு தம்பியும் தங்கச்சியும் எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் முதல் கிழமையே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: "இந்தப் பணம் முடிந்த அடுத்த நாள் காலையில் இதை யார் பார்ப்பார்?" அதற்கு ஊரிலேயே ஒருவரின் பெயரைச் சொல்ல முடிந்தால் வேலையைத் தொடங்குங்கள். சொல்ல முடியாவிட்டால், அந்த ஒருவரைத் தேடிப் பழக்குவதுதான் உங்கள் முதல் வேலை.