‘ரன்னிங் கண்டிஷன்’ அம்பாசிடர்... வாங்கிட்டு நேரா வீட்டுக்கு ஓட்டிட்டு வரலாமா?

“வண்டி ரன்னிங் கண்டிஷன் சார். சாவியைப் போட்டு நேரா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடலாம்!”

பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கான்டசா தேடிப் போனவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கும் டயலாக் இது. இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சா? ஆச்சு. அப்போ கிளம்பிடலாமா? அங்கதான் சிக்கலே.

பழைய காரில் இன்ஜின் கடைசிக் கவலைதான். முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புக். அடுத்தது பிரேக்.

ஏன் 15 முக்கியமான நம்பர்?

சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு, முதல் பதிவிலிருந்து 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, தகுதியானதுதான் என்று சான்று வாங்கிப் புதுப்பிக்க வேண்டும். நம்ம ஊரில் இதைத்தான் ‘எஃப்.சி. போடுறது’ என்கிறோம்.

பத்மினி, கான்டசா இரண்டின் தயாரிப்பும் 2000-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் 2014 வரை வந்தது. நம்ம சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் பழசு. ஆக, நீங்கள் ஆசைப்படும் கிளாசிக் கார் எதுவானாலும், கிட்டத்தட்ட நிச்சயமாக 15 வயதைத் தாண்டியிருக்கும்.

விற்பவர் கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்பதுதான் கேள்வி. பத்து வருஷமாக ஷெட்டில் நின்ற வண்டி என்றால், பெரும்பாலும் அந்தத் தேதி தாண்டியிருக்கும். பதிவு காலாவதியான கார், சட்டத்தின் பார்வையில் பதிவே இல்லாத கார் மாதிரிதான். அதை ரோட்டில் ஓட்டக்கூடாது. ஊர் எல்லை வரைக்கும்கூட கூடாது. லாரியிலோ ரெக்கவரி வண்டியிலோ ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

செலவும் கூடியிருக்கிறது. 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. பேரம் பேசும்போதே இதையெல்லாம் கழித்துப் பேசுங்கள்.

பேர் மாத்தலைன்னா யாருக்குச் சிக்கல்?

இது விற்பவர்களும் படிக்க வேண்டிய பகுதி. “பேரு அப்புறம் மாத்திக்கலாம் தம்பி, நமக்குள்ள என்ன” என்று கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, 30-ஐக் கொடுத்து அனுப்பிவிடுவது நம்ம ஊரில் சாதாரணம். ஆனால் 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. ஒரு கார் பல கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த அன்று ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்றது நீதிமன்றம்.

தாத்தா பெயரிலேயே இருக்கும் வண்டியை பேரன் விற்பதும் நடக்கிறது. தாத்தா உயிரோடு இல்லை என்றால், முதலில் வாரிசு பெயருக்கு ஆர்.சி. மாறியாக வேண்டும். மூன்றெழுத்து நம்பர் பிளேட் காலத்து வண்டிகளில் இன்னொரு தலைவலி. விவரம் ஆன்லைனிலேயே இருக்காது. எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால், அந்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் பழைய பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றச் சொல்லிவிட்டு, அது முடிந்தபிறகு பணம் கொடுப்பது நல்லது.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகணும். பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் இன்ஜினை மாட்டி ஓட்டியவர்கள் ஏராளம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கா என்று பாருங்கள். எப்போதோ மூடிப்போன ஃபைனான்ஸ் கம்பெனியின் கடன் குறிப்பு இன்னும் ஆர்.சி.யில் இருந்தால், அதை நீக்க அலைச்சல் நிச்சயம்.

50 வயசு தாண்டினா ‘விண்டேஜ்’

2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். நம்பரில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். கேட்க கெத்தாக இருக்கும். ஆனால் தினமும் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் அனுமதி. ஓட்டுவதற்காக வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் போகாமல் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளலாம்.

பேப்பர் ஓகே... இனி பிரேக்

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். காரைக்குடியில் ஒரு வீட்டு ஷெட்டில் நின்ற அம்பாசிடரை சென்னைக்குக் கொண்டுவர வேண்டும். சுமார் 400 கி.மீ. ஆர்.சி. நடப்பில் இருக்கு, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் போட்டாச்சு.

பிரேக் பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே பிடியுங்கள். பெடல் மெதுவாக உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போச்சு என்று அர்த்தம். நின்ற வண்டியில் முதலில் கெடுவது ரப்பர்தான். பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் டியூப், ஃபேன் பெல்ட் எல்லாவற்றையும் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். இன்று கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய பெட்ரோல் டியூப்களுக்கும் அதுக்கும் ஒத்துவராது.

டயரில் பட்டனைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1109 என்றால் 2009-ன் 11-வது வாரத்தில் தயாரானது. எவ்வளவு பட்டன் இருந்தாலும் அந்த டயரில் ஹைவேயில் ஏறாதீர்கள்.

அடுத்து பெட்ரோல் டேங்க். அடியில் தங்கிய துரு, முதல் 50 கி.மீ. குலுக்கலிலேயே கிளம்பி வந்து கார்புரேட்டரை அடைக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவ ஒரு நாள் ஆகும். அவசரப்பட்டு விட்டால் கீரனூர் தாண்டும்முன் நிற்க வேண்டியதுதான்.

முதல் ஓட்டம் வீட்டுக்கு இல்லை

வாங்கிய அன்றே கிளம்பாமல், அதே ஊரில் 20 கி.மீ. சுற்றுங்கள். நிறுத்தி, நான்கு வீல் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு வீல் மட்டும் கொதித்தால், அதில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

மறுநாள் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் திருச்சியை வெயிலுக்கு முன் தாண்டிடலாம். 60 கி.மீ. வேகம் போதும். டிரம் பிரேக் வண்டி, முன்னால் போகும் புது கார் மாதிரி சட்டென்று நிற்காது. 1994-க்கு முந்தைய மாடல் என்றால் சீட் பெல்ட்டும் பெரும்பாலும் இருக்காது. முன்சீட்டுக்காவது மாட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஹெட்லைட் வெளிச்சம் குறைவு என்பதால் இருட்டும்முன் செங்கல்பட்டைத் தாண்டிவிட வேண்டும்.

மதிய வெயிலில் திடீரென்று வண்டி திணறி நின்றால் பதற வேண்டாம். சூட்டில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகியிருக்கலாம். மர நிழலில் ஓரங்கட்டி, ஈரத்துணியை பம்பின் மேல் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். 10 லிட்டர் தண்ணீர் கேன், ஸ்பேர் ஃபேன் பெல்ட், ஒரு செட் பாயின்ட், இதெல்லாம் டிக்கியில் இருக்கட்டும்.