ஐந்து நிமிட மர்மப்படம்

மர்மப்படம் எடுக்கப் போகிறோம் என்று வரும் மாணவர்கள் முதலில் கேட்பவை மூன்று: சிவப்புச் சாயம், முகமூடி, அலறும் இசை. படக்கருவியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அது கைப்பேசிக்குள் அடங்கி, தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளும், இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட பழைய மாணவர்களும் ஒரு விடுமுறைக்குள் ஐந்து நிமிடப் படம் ஒன்றை எடுத்து முடிக்க இயலும். ஆயினும் அவர்கள் கேட்கும் மூன்று பொருள்களில் ஒன்றுகூட அச்சத்தை உண்டாக்குவதில்லை. எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சியை வைக்கிறோம், எதைச் சற்று நேரம் காட்டாமல் நிறுத்தி வைக்கிறோம் என்பதிலேதான் அச்சம் பிறக்கிறது. எனவே மர்மப்படத்தில் தொகுப்பு என்பது படப்பிடிப்பு முடிந்த பிறகு தொடங்கும் வேலை அன்று. கதையை எழுதும்போதே தொடங்கிவிடும் வேலை.

இதற்குச் சான்று தேடிக் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டில் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து, வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' நம் மொழியிலேயே இருக்கிறது. பாட்டில்லாமல் படம் ஓடாது என்று எல்லாரும் நம்பிய காலத்தில், பாட்டும் நடனமும் சண்டையும் இன்றி வந்த படம் அது. 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய வேளையை ஒட்டிக் கதை நடக்கிறது. வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறான். சிவாஜி கணேசன் ஏற்ற வேடம் அது; கதாநாயகன் முதலிலேயே பிணமாகிவிடுகிறான்! மனைவி, உடன்பிறந்தான், அவன் மனைவி, அண்டை வீட்டுக்காரர், ராஜனோடு பழகிய நடனக்காரி ஆகியோரைத் துப்பறியும் அதிகாரி விசாரிக்கிறார். அவ்வதிகாரியாக நடித்த ஜாவர் சீதாராமனே படத்தின் வசனத்தையும் எழுதியவர். ஒருவர் சொல்லும் கதை மற்றொருவர்மேல் ஐயத்தைத் திருப்புகிறது. அவர் சொல்வது வேறொருவர்மேல் திருப்புகிறது. ஒவ்வொருவர் வாயிலும் இறந்தவன் ஒவ்வொரு மனிதனாகிறான்.

அகிரா குரோசவா 1950இல் எடுத்த 'ரஷோமோன்' என்னும் ஜப்பானியப் படத்தின் தாக்கம் இதில் உண்டு என்பது பலரும் அறிந்ததே. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு சொல்லும் முறையை அங்கிருந்து பெற்று, பாலசந்தர் அதைச் சென்னையின் ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்தார். வெளிவந்தபோது வசூல் சிறக்கவில்லை. தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. பெரும்புகழ் பின்னரே வந்தது. மாணவர் படத்திற்கு இதைவிட ஏற்ற மாதிரி இல்லை என்பது என் கருத்து. இடங்கள் சில, மாந்தர் சிலர், கேள்வி ஒன்று. செலவு மிகுந்த எதையும் இந்த முறை கேட்பதில்லை.

நம் பிரிஞ்சாங் பக்கத்துக் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குடும்பங்கள் பல பட்டணம் போய்விட்டதால் பூட்டிக் கிடக்கும் ஆயாக்கொட்டகை. ஒரு மாலையில் அதன் சன்னலில் வெளிச்சம் தெரிகிறது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அதைப் பார்க்கிறாள். விளக்கை ஏற்றியவர் யார்? கதை இவ்வளவே.

இதைப் படமாக்கச் சொன்னால், கதவைத் திறந்ததும் முகமூடி அணிந்த ஒருவன் குதிப்பதாகவே பெரும்பாலோர் எழுதுவர். அது திடுக்கிடல், இரண்டு வினாடியில் தீர்ந்துவிடும். ஆங்கில இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் துருஃபோவுடன் நடத்திய புகழ்பெற்ற உரையாடலில் இவ்வேறுபாட்டை விளக்கியிருக்கிறார். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பதை அறியாத பார்வையாளன், அது வெடிக்கும்போது சில வினாடி திகைக்கிறான். குண்டு இருப்பதையும் அது வெடிக்கும் நேரத்தையும் முன்பே அறிந்த பார்வையாளனோ, மேசையருகே இருப்பவர்கள் வெறும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும் பதினைந்து நிமிடமும் தவிக்கிறான். நம் கதையில் குண்டுக்கு ஈடாக ஒரு பூட்டு போதும். முதலில் கதவில் பூட்டு தொங்குவதை அண்மையில் காட்டுக. சிறுமி வீட்டுக்குள் விளக்குப் பார்க்கப் போகட்டும். மறுபடி கதவைக் காட்டுக, பூட்டு இல்லை. அதன் பிறகு அவள் சரளைக்கல் பாதையில் நடந்து வரும் கால்களை எவ்வளவு நேரம் காட்டினாலும் பார்ப்பவர் கண்ணை எடுக்கமாட்டார். அவர் அறிந்ததை அவள் அறியாள் அல்லவா?

படப்பிடிப்புக்கு வருவோம். காட்சிப் பட்டியல் ஒன்றைத் தாளில் எழுதாமல் வெளியே இறங்கலாகாது. ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதப் பழகியவர்க்கு இது புதிதன்று: எந்தக் காட்சி, எங்கிருந்து, எவ்வளவு நேரம், அதற்கு முன்னும் பின்னும் வருவது எது என்று வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் இதைச் சலிப்பாகவே செய்வார்கள். பாடக்குறிப்பை நாமும் அப்படித்தான் எழுதினோம்.

இந்த மலையில் படம் எடுப்போர்க்கு முதற்பகை மூடுபனி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில், பிற்பகலில் பனி ஏறிவந்தால் எதிர்ச்சரிவின் தேயிலை வரிசைகள் பத்து நிமிடத்தில் மறையும். அடுத்த பத்து நிமிடத்தில் மீளவும் கூடும். சிறுமி நடந்து வருவதைப் பனிக்கு முன்னும், அவள் முகத்தைப் பனிக்குப் பின்னும் எடுத்தால், இரண்டும் வெவ்வேறு நாள் போலத் தோன்றும். எந்தத் தொகுப்பாளனாலும் ஒட்டவைக்க முடியாது. இதற்கு வழி, ஒன்றோடொன்று ஒட்ட வேண்டிய காட்சிகளைக் கதை வரிசையைப் பாராமல் ஒரே வெளிச்சத்தில் அடுத்தடுத்து எடுத்துவிடுவதே. பனி நின்றால் அதைத் தனியே ஒரு நிமிடம் படம் பிடித்து வைக்க வேண்டும்; பொருந்தாத இரு துண்டுகளுக்கு நடுவே வைக்க அது உதவும். மாலை ஏழு மணியை ஒட்டி, வானில் நீலம் மிஞ்சியிருக்கும் சிறு பொழுதில் சன்னல் விளக்கை எடுத்தால் இருட்டும் தெரியும், கொட்டகையும் தெரியும். முழு இரவில் கைப்பேசி காட்டுவது புள்ளிகள் நிறைந்த கருமையைத்தான்.

கருவியின் நுட்பங்கள் சில. கைப்பேசியை ஒரு முக்காலியின் மேலோ கல்லின் மேலோ அசையாது நிறுத்துக. வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டிவிடுக. இல்லையேல் காட்சியின் நடுவே அது தானே மாற்றிக்கொள்ளும். நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. பெரும்பாலான கைப்பேசிகள் வினாடிக்கு 30 படம் எடுக்குமாறு அமைக்கப்பட்டவை. அதனால் குழல்விளக்கின் கீழே படத்தில் கோடுகள் ஓடுவதுண்டு. வினாடிக்கு 25 படம், ஒவ்வொன்றிற்கும் ஐம்பதில் ஒரு பங்கு வினாடி என அமைத்தால் கோடுகள் மறையும். இருவர் பேசும்போது அவர்களுக்கு இடையே ஒரு கோடு கிழித்ததாக எண்ணிக்கொண்டு, அதன் ஒரே பக்கத்தில் நின்று எடுக்க வேண்டும்; கோட்டைத் தாண்டினால் எதிரெதிரே நிற்பவர் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதாகத் தோன்றும். ஒவ்வொரு காட்சியிலும் நடிப்புக்கு முன்னும் பின்னும் ஐந்து வினாடி மிகுதியாக எடுத்தல் வேண்டும்.

ஒலியைப் பிள்ளைகள் மறந்தே போவர். கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் ஒரு சொல்லின் பின்னே இருந்து அடுத்த சொல்லின் பின்னே இல்லாது போனால், வெட்டிய இடம் காதில் தெரிந்துவிடும். கொட்டகைக்குள் எவரும் பேசாமல் ஒரு நிமிட அமைதியைப் பதிவு செய்து, பேச்சுகளுக்கு அடியில் அதை விரித்துவிட்டால் தையல் மறையும். அச்சத்துக்கு இசையைவிட இந்த அமைதியே நல்ல துணை. தகரக்கூரையில் ஒரு சொட்டு விழும் ஓசை, கதவு தெரிவதற்கு முன்பே கேட்கும் கீல் ஓசை இவையும் போதும்.

இனித் தொகுப்பு. ருஷ்யப் புரட்சிக்குப் பிந்திய ஆண்டுகளில் லெவ் குலெஷோவ் என்பவர் ஒரு சோதனை செய்தார். மொழூகின் என்னும் நடிகரின் சலனமற்ற முகத்தை ஒருமுறை உணவுக் கிண்ணத்தோடும், மற்றொரு முறை பிணப்பெட்டியோடும் இணைத்துக் காட்டினார். முகம் மாறவில்லை, ஆயினும் பார்த்தவர்கள் அதில் பசியையும் துயரத்தையும் கண்டு நடிப்பை வியந்தார்களாம். அச்சுருள் இன்று இல்லை. அவருடைய மாணவர் புதோவ்கின் போன்றோர் எழுதி வைத்தவற்றால்தான் நாம் அறிகிறோம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960இல் வந்தது. குளியலறைக் கொலைக் காட்சியைப் படமாக்க ஏழு நாள் ஆயிற்று. இரத்தமாக ஓடியது சாக்கலேட்டுப் பாகு. கத்தி உடலில் பாய்வதைக் கண்டதாகப் பலர் சாதிப்பர். திரையில் இருப்பவையோ கத்தி, முகம், நீர், கை என மாறி மாறி வரும் துண்டுகள். சிவப்புச் சாயம் கேட்கும் மாணவர்க்கு நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் குலெஷோவின் சோதனைக்கு மற்றொரு பக்கம் உண்டு. ஆசிரியர் கவலைப்பட வேண்டியதும் அதுவே. சலனமற்ற முகத்தில் துயரத்தை ஏற்றலாம் என்றால் குற்றத்தையும் ஏற்றலாம். இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் கொழுந்து எடுப்போருள் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் பலர். ஆயாக்கொட்டகைக் கதையைக் கொடுத்தால், விளக்கை ஏற்றியவர் அவர்களுள் ஒருவர் என்று முடிப்பதே பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுகிறது. பாதையில் சும்மா நடந்து போகும் ஒரு தொழிலாளியின் முகத்தை, பூட்டில்லாத கதவுக்குப் பின்னே வைத்துவிட்டால் போதும். அவர் ஒன்றும் செய்யாமலே குற்றவாளி ஆகிவிடுகிறார். அதே முகத்தை, வழுக்கி விழுந்த சிறுவனுக்குப் பின்னே வைத்தால் இரக்கமுள்ளவர் ஆகிறார். இரண்டையும் மாணவரே வெட்டி ஒட்டிப் பார்க்கட்டும். வகுப்பில் அறிவுரையாகச் சொன்னால் தலையாட்டுவார்கள். தம் கையால் ஒட்டியபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள்.

பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் என்னும் அமெரிக்கர் 1967 மார்ச் 26ஆம் நாள் தானா ராத்தாவில் தாம் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவில்லை. காவலரும் படைவீரரும் ஓராங் அஸ்லி மக்களும் காடெங்கும் தேடியும் தடயம் கிட்டவில்லை. கடத்தல் என்றார்கள், புலி என்றார்கள், ஓராங் அஸ்லியரின் பொறிக்குழியில் விழுந்தார் என்றார்கள். நடுவே ஒரு துண்டு காணாதபோது, கையில் கிடைத்த முகத்தை அங்கே ஒட்டிவிடும் வழக்கம் படத்தொகுப்பு அறையோடு நின்றுவிடுவதன்று.

'அந்த நாள்' இந்த எளிய வழியில் போகவில்லை. கொன்றவர் யாரென்று இங்கே எழுதி, இனிமேல் பார்ப்போரின் இன்பத்தைக் கெடுக்கமாட்டேன். விடை அயலாரிடத்தில் இல்லை என்று மட்டும் சொல்லலாம். நம் ஆயாக்கொட்டகைக் கதைக்கும் அத்தகைய முடிவு ஒன்று உண்டு. விளக்கை ஏற்றியவர் சிறுமியின் பாட்டி. முப்பது ஆண்டு அங்கே ஆயாவாக இருந்தவர். நினைவு தளர்ந்த இந்நாளில், வேலைக்குப் போன தாய்மார் பிள்ளைகளை எடுத்துப்போக வருவார்கள் என்று விளக்கேற்றிக் காத்திருக்கிறார். சாவி எந்நாளும் அவர் முந்தானையில்தான் இருந்தது. தொடக்கத்திலேயே, வீட்டில் பாட்டி முந்தானை முடிச்சைத் தடவும் கையை ஒரு வினாடி காட்டியிருந்தால், பார்ப்பவரை ஏமாற்றினோம் என்ற பழியும் வராது.

படம் முடிந்ததும், கதை அறியாத ஐந்தாறு பேருக்குப் போட்டுக் காட்டுக. மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தி, யார்மேல் ஐயம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே தாளில் எழுதச் சொல்லுக. தாள்களில் வெவ்வேறு பெயர்கள் இருந்தால் தொகுப்பு சரியாக அமைந்திருக்கிறது. எல்லாரும் ஒரே பெயரை எழுதியிருந்தால், அந்த முகத்துக்கு முன்னும் பின்னும் வைத்த துண்டுகளைக் கழற்றி மறுபடி அடுக்க வேண்டும்.