பூனையின் காயத்துக்குத் தேன் போடலாமா?

சம்மாந்துறையில் பூனைகளுக்குக் குறைவில்லை. அரிசி ஆலைகளிலும் நெல் மூட்டை அடுக்கிய வீடுகளிலும் எலிக்குக் காவல் அவைதான். பூனை மீது கொண்ட அன்பினால் 'பூனைக்குட்டியின் தந்தை' என்று அழைக்கப்பட்ட நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களை நினைவுகூராத வீடு இங்கு அரிது. ஆனாலும் சண்டையில் கடிபட்டோ, நாயிடம் அகப்பட்டோ, சுடுநீர் பட்டோ தோல் கிழிந்து வரும் பூனைக்கு என்ன செய்வது என்பதில் குழப்பம்தான். இந்தக் கட்டுரைக்காக ஊரில் நான் விசாரித்தபோது மஞ்சள், வேப்பெண்ணெய், தேன், டெட்டோல், மண்ணெண்ணெய் என்று ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். இவற்றில் சில உதவும். சில பூனையைக் கொன்றுவிடும்.

பூசுவது வாய்க்குள் போகும்

பூனை தன் உடலை நக்கியே சுத்தம் செய்யும். எனவே காயத்தில் பூசும் எதுவும் சற்று நேரத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும். இரண்டாவது, மனிதரின் ஈரல் இலகுவாக முறித்து வெளியேற்றும் பல இரசாயனங்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. அதற்குத் தேவையான நொதியம் அதனிடம் மிகக் குறைவு.

டெட்டோல் ஆகாது என்பது இதனால்தான். டீ ட்ரீ ஒயில், கற்பூரம் கலந்த வலி பாம் ஆகியவையும் அப்படித்தான். மண்ணெண்ணெய் புழுவைக் கொல்லும் என்பார்கள். அது தோலையும் எரிக்கும், நக்கினால் நஞ்சாகும். எல்லாவற்றிலும் ஆபத்தானது பனடோல். வலிக்கிறதே என்று இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒரு வில்லையே போதும். இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போய்ப் பூனை இறந்துவிடும்.

தேனும் சீனியும்

தேனுக்கு விஞ்ஞான ஆதாரம் உண்டு. அதிலுள்ள அடர்த்தியான சீனி, காயத்திலும் கிருமியிலும் உள்ள நீரை உறிஞ்சிவிடும். தேன் அமிலத்தன்மையும் கொண்டது. அதிலுள்ள ஒரு நொதியம் சிறிய அளவில் ஹைதரசன் பெரொக்சைட்டை உருவாக்கும். இவை மூன்றும் கிருமி பெருகுவதைத் தடுக்கின்றன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007இல் காயத்துக்கான தேன் கட்டுக்கு அனுமதி வழங்கியது.

சீனியின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. மோசஸ் முராண்டு சிம்பாப்வேயின் வறிய கிராமமொன்றில் வளர்ந்தவர். சிறுவயதில் அவருடைய தந்தை காயத்துக்கு உப்போ சீனியோ போடுவார். பின்னாளில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் தாதியர் துறை விரிவுரையாளரான முராண்டு, அந்தச் சீனியை நோயாளர்களின் காயங்களில் முறையாகச் சோதித்தார். அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகக் கால்நடை வைத்தியர் மவ்ரீன் மக்மைக்கேல் 2000களின் தொடக்கத்திலிருந்து வளர்ப்புப் பிராணிகளின் காயங்களுக்குத் தேனும் சீனியும் பயன்படுத்தி வந்தார். மருந்து வராத நாட்களில் வீட்டிலிருந்ததைக் கொண்டு காயம் ஆற்றிய எங்கள் மக்களுக்கு இது வியப்பாக இராது.

ஆனால் வைத்தியசாலைத் தேன் காமாக் கதிரால் கிருமி நீக்கப்பட்டது. சாதாரணத் தேனில் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். வீதியோரப் போத்தல் தேனில் சீனிப்பாணி கலந்திருக்கவும் கூடும். மஞ்சளும் அவ்வாறே. ஆய்வுகூடத்தில் அதற்கு வீக்கம் தணிக்கும் குணம் உண்டு. சமையலறைத் தூளோ காயத்தில் கட்டியாகி, உள்ளே சீழ் பிடிப்பதை மறைத்துவிடும்.

மீன் தோலில் ஒரு பாடம்

2017 டிசம்பரில் கலிபோர்னியாவின் தோமஸ் காட்டுத்தீயில் இரண்டு கரடிகளும், பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து மாத மலைச்சிங்கக் குட்டி ஒன்றும் பாதங்கள் வெந்து மீட்கப்பட்டன. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வைத்தியர் ஜேமி பெய்ட்டன், கிருமி நீக்கிய திலாப்பியா மீன் தோலை அந்தப் பாதங்களில் பொருத்தினார். பிரேசிலில் தீக்காயம்பட்ட மனிதருக்குச் செய்த சிகிச்சை அது. மீன் தோலிலுள்ள கொலாஜன் புதிய தோல் வளரத் துணைபுரிந்தது. மேலே அரிசித் தாளும் சோளப் பொத்தியின் மடலும் சுற்றினார்கள். விலங்கு கடித்து விழுங்கினாலும் குடலை அடைக்காது என்பதே காரணம்.

திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எங்கள் குளமெல்லாம் நிறைந்திருக்கும் மீன்தான். அதற்காகச் சந்தையில் வாங்கிய மீனின் தோலை உரித்து ஒட்டிவிடக் கூடாது. அங்கே மயக்க மருந்து, வலி நிவாரணி, சுத்திகரிப்பு எல்லாவற்றுக்கும் துணையாகத்தான் மீன் தோல் வந்தது. துணைச் சிகிச்சை என்ற சொல்லின் பொருளும் அதுதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பூனையைத் துவாயில் சுற்றிப் பிடியுங்கள். அரை லீற்றர் நீரைக் கொதிக்க வைத்து, ஒரு மட்டமான தேக்கரண்டி உப்பிட்டு ஆறவிட்டு, அதனால் காயத்தை நன்றாகக் கழுவுங்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். நக்காதிருக்க, பழைய எக்ஸ்ரே படத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கழுத்தில் மாட்டலாம். புழு இருந்தால் சாவணத்தால் எடுங்கள்.

தேன் கட்டு போடுவதா என்பதைக் கால்நடை வைத்தியர் காயத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். போட்டால் தினமும் மாற்ற வேண்டும். காயத்தில் ஊறும் நீர் தேனைக் கரைத்து அதன் வலுவைக் குறைத்துவிடும்.

பூனைக் கடியில் ஏமாந்துவிடாதீர்கள். பல் பதிந்த சிறு துளை மேலே மூடிக்கொள்ள, இரண்டு மூன்று நாளில் உள்ளே சீழ்க்கட்டி உருவாகும். அதைத் திறந்து சீழை வெளியேற்ற வேண்டும். பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லியும் தேவைப்படும். மேலே எவ்வளவு தேன் தடவினாலும் பயனில்லை. பூனை சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ, காயம் நாறினாலோ, தசை தெரிந்தாலோ அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

உங்களைக் கடித்தால் அல்லது கீறினால், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நோய் பூனையிடமிருந்தும் தொற்றும்.