கடைசிப் பாட்டு ஏன் பிசிறடிக்கிறது?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் தாத்தா ஞாயிற்றுக்கிழமை காலையில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் இசைத்தட்டைப் போடுவார். ஆரம்பத்தில் குரல் தெளிவாக இருக்கும். ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்க, 'ஸ', 'ஷ' வரும் இடமெல்லாம் பிசிறடிக்கும். "ஸ்பீக்கர் போச்சா தாத்தா?" என்பேன். "முதல்ல ஊசியப் பாருடா" என்பார்.

பார்த்தால், ஊசி நுனியில் கடுகளவு தூசிப் பந்து ஒட்டியிருக்கும். அதை விரலால் தொடவே விடமாட்டார். மெல்லிய பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் ஒரே தடவை தள்ளுவார். தட்டையும் சோதிப்பார். மும்பை மழைக்காலத்தில் செருப்பு, பெல்ட், ரெக்கார்ட் எல்லாவற்றிலும் பூஞ்சை படரும். தட்டை, பாட்டு பதிந்திருக்கும் பள்ளமான வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்.

இத்தனை செய்த பிறகும் கடைசிப் பாட்டில் கொஞ்சம் பிசிறு இருக்கும். அதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது.

எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஓரத்தில் ஒரு சுற்றின் நீளம் சுமார் 92 செ.மீ.; உள்ளே கடைசி வரியில் 38 செ.மீ.தான். நேரம் மாறவில்லை, இடம் பாதிக்கும் கீழே போய்விட்டது! 'ஸ' ஒலி விநாடிக்கு 7,000 தடவை அதிர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஓர் அதிர்வுக்கு ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு இடம் கிடைக்கும். உள்ளே 0.03 மில்லிமீட்டர்தான். சாலையில் சின்னக் குழி இருந்தால் பஸ் சக்கரம் அதற்குள் இறங்காமல் மேலேயே தாண்டிவிடும் அல்லவா? உருண்டை நுனி ஊசியும் அப்படித்தான் வரியில் அதிர்வுகள் பதிந்த நெருக்கமான நெளிவுகளைத் தாண்டிவிடுகிறது. பிசிறு அங்கேதான் பிறக்கிறது.

ஊசி நுனி வைரம். வைரம் தேயுமா? தேயும்! தேய்ந்த ஊசியில் பிசிறு இன்னும் கூடும், வரிகளையும் அது அறுத்துவிடும். ஒரே ஒரு தட்டு மட்டும் கரகரத்தால் கோளாறு தட்டில். எல்லாத் தட்டும் கரகரத்தால் பெரும்பாலும் ஊசியில்.

மும்பையின் சோர் பஜாரில், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகளும் கிடைக்கும். அவற்றின் வரி அகலமானது. எல்.பி. ஊசி அதற்குள் ஆடி இரைச்சல் போடும். வேறு ஊசி வேண்டும். அந்தத் தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைத்துவிடாதீர்கள். அரக்குப் பூச்சிகள் தரும் அரக்கால் ஆனவை அவை; ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

வீட்டில் எல்.பி. தட்டு இருந்தால், பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு, அதன் வெளி ஓரத்தையும் நடுவில் ஒட்டிய லேபிளின் ஓரத்தையும் ஒரு நூலால் சுற்றி அளந்து பாருங்கள். தட்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.