எந்திரத்துக்கு மனித முகம் எதற்கு?

பெங்களூர்த் தமிழர்களுக்கு ரோபோ ஒன்றும் புதுசில்லை. ஜாலஹள்ளி பாரத் எலக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய எழுத்தாளர் சுஜாதா, தம் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற எந்திர நாயை ஓடவிட்டார். அதைத் தொடராகப் படித்த அல்சூர் இளைஞர்கள் இன்றைக்குத் தாத்தாக்கள். சுஜாதாவுக்கு நாயே போதுமாக இருந்தது. பொறியாளர்களுக்கு மட்டும் ஏன் மனித உருவம்தான் வேண்டும் என்ற பிடிவாதம்?

அந்தச் சொல்லிலேயே ஒரு செய்தி இருக்கிறது. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தில்தான் ‘ரோபோ’ பிறந்தது. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் கூலியில்லாக் கட்டாய உழைப்பு. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’க்கு ஏறக்குறைய நிகரான சொல் எனலாம். ஆக, அடிமை வேலைக்கு ஆள் தேடிய கற்பனைதான் இது.

மனித உருவத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. படிக்கட்டு, கதவுப்பிடி, சுவிட்ச் எல்லாமே நம் உடம்பின் அளவுக்குச் செய்தவை. இஸ்ரோ 2020 ஜனவரியில் நம்ம பெங்களூரில் அறிமுகப்படுத்திய ‘வியோமித்ரா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ககன்யானில் மனிதரை அனுப்புமுன், ஆளில்லாப் பயணத்தில் அனுப்புவதற்கென்று உருவாக்கியது. வீரர்கள் தொடவேண்டிய அதே சுவிட்சுகளைத் தொட அதற்குக் கை வேண்டும். எடையில்லா வெளியில் நடக்க வேண்டியதில்லை, அதனால் கால் வைக்கவில்லை! கால்தான் பெரிய தலைவலி. ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1986-இல் தொடங்கி, ‘அசிமோ’வை நடக்கவைத்துக் காட்ட 2000 ஆயிற்று. 2024-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ‘டிஜிட்’ என்ற இருகால் எந்திரம் கிடங்கில் கூடை தூக்கும் வேலைக்கு வந்துவிட்டது.

சரி, நம் பக்கம்? கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி 2016-இல் சென்னையில் ‘லட்சுமி’யை நிறுத்தியது. பெங்களூரில் உருவான ‘மித்ரா’ 2017-இல் ஐதராபாத் மாநாட்டில் பிரதமரையே வரவேற்றது. வரவேற்க, வழிகாட்ட, நாலு கேள்விக்குப் பதில் சொல்ல என்று அவ்வளவுதான் இவற்றின் வேலை. வரவேற்பு மேசையில் உட்காரும் நம் வீட்டுப் பெண்ணின் வேலையை இவை பறிக்கும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. என் கணிப்பில் அந்த வேலையைக் குறைப்பது, முகமே இல்லாமல் கைப்பேசிக்குள் இருக்கும் மென்பொருள்தான். ரோபோ கண்ணில் படுகிறது, அது படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். (பணிவிடை செய்யும் எந்திரத்துக்கெல்லாம் பெண் பெயரும் பெண் முகமும் வைப்பது ஏன் என்றும் யாராவது கேட்கத்தான் வேண்டும்.)

நிஜமாகவே எந்திரம் வேண்டிய இடம் வேறு. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் மாண்டனர். இதற்குள் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2018 ஜனவரியில் பெங்களூரு சோமசுந்தரபாள்யத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் மூன்று பேர் இறந்தார்கள். 2023-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுக்கான இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை என்பதுதானே அதற்குப் பொருள்!

அந்தக் கோழிக்கோட்டு நிகழ்ச்சிக்குப் பிறகு கேரள இளைஞர்கள் சிலர் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு இறங்கியது. பிறகு கும்பகோணம், கோவைக்கும் வந்தது. முகம் கிடையாது, பெயர் பெருச்சாளி. சிலந்தி மாதிரிக் கால்களை விரித்துக் குழிக்குள் நின்று, ஒற்றைக் கையால் அடைப்பை அள்ளும். மேலே திரையைப் பார்த்து அதை இயக்கும் பயிற்சி யாருக்குக் கொடுக்கிறார்கள் தெரியுமா? முன்பு அதே குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கு. வேலை போகவில்லை, குழிக்குள் இறங்குவதுதான் போயிற்று. நம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், தொட்டி சுத்தம் செய்யக் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் பேச்சு எழும்போது, இப்படி ஓர் எந்திரத்தை வாடகைக்கு எடுக்க என்ன செலவாகும் என்று விசாரிக்கச் சொல்லலாம்.