மேஜை கிடைத்தது, சமாதானம் கிடைக்கவில்லை

இஸ்ரேலியரையும் பாலஸ்தீனியரையும் மீண்டும் எதிரெதிரே அமர்த்த, அமெரிக்க ராஜாங்க மந்திரி ஜான் கெர்ரி பல மாதம் அலைந்தார். 2013 ஜூலையில் அது பலித்தது. இஸ்ரேலின் சார்பில் ஸிபி லிவ்னியும், பாலஸ்தீனத்தின் சார்பில் ஸாயெப் எரகாத்தும் வாஷிங்டனில் சந்தித்தனர். கெடு ஒன்பது மாதம்.

பழைய கைதிகள் 104 பேரை நான்கு தவணைகளில் விடுவிக்க இஸ்ரேல் இசைந்தது. அவர்களால் உற்றாரை இழந்த யூதக் குடும்பங்கள் ஆட்சேபித்தன. ஆயினும் மூன்று தவணைகளில் 78 பேர் வீடு திரும்பினர். நான்காவது தவணை வரவேயில்லை. மைந்தரை எதிர்பார்த்திருந்த பாலஸ்தீனத் தாய்மார் ஏமாந்தனர். 2014 ஏப்ரல் முதல் தேதி ஜனாதிபதி அப்பாஸ் 15 சர்வதேச உடன்படிக்கைகளில் சேரக் கையொப்பமிட்டார். 23-ந் தேதி அவரது பத்தா கட்சி ஹமாஸுடன் ராஜியாயிற்று. மறுநாளே இஸ்ரேல் பேச்சை நிறுத்தியது. ஜூலையில் காஸாவில் யுத்தம் மூண்டது.

பேச்சு நடந்த மாதங்களிலும் மேற்குக் கரையில் யூதக் குடியேற்ற வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன என்பதை நாம் மறத்தலாகாது. பந்திக்கு அழைத்துவிட்டு, விருந்தினன் உட்காருமுன் இலையை நறுக்குவது உபசாரமாகுமா? இனி மத்தியஸ்தம் செய்ய வருவோர் மேஜையைத் தேடுமுன், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இரு தரப்பாருக்கும் வழி தேடட்டும் என்பதே நமது அபிப்பிராயம்.